மணலைக் கட்டிப்போடும் பூச்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாக்டீரியாவை விட்டு மணலை இறுக வைக்கும் வித்தையைப் பற்றியும், அதில் பிளாஸ்டிக் நார் கலந்தால் இன்னும் உறுதியாகும் என்றும் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அதுதான். நான் பேராசிரியர் இல்லை. ஒரு பொறியியல் கல்லூரியின் மண் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் சல்லடை ஆட்டியவன். கையால் செய்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

குடியாத்தம் வாசகர்: என் பையன் சிவில் மூன்றாம் வருஷம். பாக்டீரியாவை ஊற்றி மணலைக் கல்லாக்கும் புராஜெக்ட் என்று சொல்லிப் பணம் கேட்கிறான். இது நிஜமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?

நிஜம்தான். அவன் கேட்கும் தொகைக்கு மட்டும் நான் ஜவாப்தாரி இல்லை.

காணும் பொங்கலுக்குப் பாலாற்றில் பிள்ளைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் இருக்கும்வரை நிற்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். மணலுக்குள் பசை கிடையாது. ஒரு மணி இன்னொரு மணியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு மணியும் தொடும் இடத்தில் ஒரு துளி சுண்ணாம்புக்கல்லை வைத்து ஒட்டிவிட்டால்? அந்த ஒட்டு வேலையைச் செய்யும் பூச்சிதான் பையன் சொல்லும் பாக்டீரியா. ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குவது ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற மண் பாக்டீரியா.

இதனிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. யூரியாவைக் கொடுத்தால் உடைத்து அமோனியாவும் கார்பனேட்டும் ஆக்கும். தண்ணீரின் காரத்தன்மை ஏறி பி.எச். 9 பக்கம் போய் நிற்கும். அந்த நேரத்தில் கால்சியம் குளோரைடு கரைசல் அங்கே இருந்தால், கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல் படிகமாகப் படியும். பூச்சியின் உடம்பைச் சுற்றியே படிவதால் கடைசியில் அது தன் சமாதிக்குள்ளேயே அடங்கிவிடும். ஊற்றுவது, விடுவது, மறுபடி ஊற்றுவது என்று பல சுற்று போனால் மணல் கெட்டிப்படும். களிமண்ணில் இந்த ஜம்பம் பலிக்காது. பூச்சி ஒன்றிரண்டு மைக்ரான் நீளம், களிமண்ணின் துளை அதைவிடச் சின்னது. நுழையவே முடியாது. மணல்தான் இதற்குத் தோது.

பையனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "மிச்சம் வரும் தண்ணியை எங்கடா கொட்டுவே?" பதில் சொல்லத் தெரிந்தால் காசைக் கொடுங்கள். ஏன் இந்தக் கேள்வி என்பது கடைசிக் கடிதத்தில் வரும்.

ஆற்காடு வாசகர்: எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை. இன்றைக்கும் ஆணி இறங்காது. நீங்கள் சொல்வதும் அதுவும் ஒன்றா?

கடைசியில் கிடைக்கும் பொருள் ஒன்றேதான், கால்சியம் கார்பனேட். தாத்தாவின் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லானது. உள்ளே போகப் போகக் காற்று எட்டாது, அதனால் கனமான சுவருக்கு வருஷக்கணக்கில் ஆகும். பூச்சி தனக்கு வேண்டிய கார்பனேட்டை யூரியாவிலிருந்து தானே செய்துகொள்கிறது. அதனால் மண்ணுக்கடியில் காற்றில்லாத இடத்திலும் சில நாளில் முடிக்கிறது. ஆனால் தாத்தாவின் காரை நாறவில்லை. இது நாறும்.

ஆம்பூர் வாசகர்: பாலாற்றங்கரையில் அரை கிரவுண்டு மனை வாங்கியிருக்கிறேன். ஆறடி தோண்டியும் மணல். மேஸ்திரி ஆழமாகத் தூண் இறக்கும் பைல் போடச் சொல்கிறார், செலவு தாங்காது. பாக்டீரியா முறையில் கடைக்காலை உறுதி செய்ய முடியுமா? யாரிடம் கேட்க வேண்டும்?

வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கணக்கைப் போடுகிறேன்.

ஒரு கனமீட்டர் மணல் ஏறக்குறைய 1600 கிலோ. அதில் நூற்றுக்கு 5 பங்கு கால்சைட் சேர்த்தால் ஓரளவு நல்ல கெட்டி வரும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 80 கிலோ. வேதியியல் கணக்குப்படி அதற்கு யூரியா 48 கிலோ, நீரற்ற கால்சியம் குளோரைடு 89 கிலோ வேண்டும். ஒரு துளிகூட வீணாகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. எங்கள் கூடத்தில் ஒருநாளும் வீணாகாமல் இருந்ததில்லை.

உங்கள் மனைக்கு ஒன்பது தூண் என்று வையுங்கள். ஒவ்வொரு தூணின் அடித்தளத்துக்குக் கீழேயும் 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், அதாவது 6 கனமீட்டர். மொத்தம் 54. யூரியா மட்டும் 2,592 கிலோ, 45 கிலோ மூட்டையில் 58 மூட்டை. கூடவே 4.8 டன் கால்சியம் குளோரைடு. "யூரியா மூட்டை 266 ரூபாய்தானே" என்று சொசைட்டி வாசலில் போய் நிற்காதீர்கள். அது விவசாயத்துக்கு அரசு மானியம் கொடுத்து விற்கிற வேப்பெண்ணெய் பூசிய யூரியா. வேறு வேலைக்கு எடுத்தால் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். தொழிற்சாலை ரக யூரியாவைத்தான் வாங்க வேண்டும், அதன் விலை வேறு. இது போக பூச்சியைத் தொட்டி தொட்டியாக வளர்க்க வேண்டும், மண்ணுக்குள் குழாய் இறக்க வேண்டும், பம்ப் ஓட்ட வேண்டும். பைல் மலிவு ஐயா.

உலகத்தில் யாரும் பெரிய அளவில் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 100 கனமீட்டர் மணலில் செய்து பார்த்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே நாட்டில் எரிவாயுக் குழாய் பதிக்கப் பக்கவாட்டில் துளை போடும்போது சரளை சரிந்து விழாமல் இருக்கவும் இந்த முறை கைகொடுத்தது. வேறு வழி குறைந்த இடங்களில் இதற்கு மவுசு உண்டு. அரை கிரவுண்டு வீடு அந்த ரகமில்லை.

இன்னொன்று. மணல் என்றதும் பலமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நெருக்கமாகப் படிந்த மணல் வீட்டுச் சுமையைத் தாராளமாகத் தாங்கும். தளர்வாக இருந்தால்தான் வம்பு. அதை அறிய ஒரு போர் போட்டு எஸ்.பி.டி. என்ற அடிச் சோதனை பார்க்கச் சொல்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கும்வரை அடித்து, கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ணுவார்கள். பக்கத்திலேயே நின்று நீங்களும் எண்ணுங்கள். நாலைந்து அடியில் இறங்கினால் தளர்வு. முப்பதைத் தாண்டினால் மேஸ்திரியின் பைல் பேச்சை இன்ஜினியரிடம் மறுபடி எடுக்கலாம். மேல்மட்டத் தளர்வு மட்டும்தான் என்றால் தோண்டி, ஈரமாக்கி, அடுக்கடுக்காக அதிர்வு இயந்திரம் ஓட்டி நிரப்பினாலே தீரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மணலைவிட ஆற்றைப் பற்றித்தான் கவலைப்படுவேன். 2021 நவம்பரில் பாலாறு ஓடின ஓட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வருஷக்கணக்கில் மணல்வெளியாய்க் கிடந்த ஆறு அது. மனைக்கும் கரைக்கும் எத்தனை அடி என்று எழுதவில்லையே?

பேரணாம்பட்டு வாசகர்: நார் கலந்தால் இந்த மணல் இன்னும் உறுதியாகும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தோப்பில் தேங்காய் நார் மலையாகக் கிடக்கிறது. பிளாஸ்டிக் நாருக்குப் பதில் அதைப் போடலாமா?

வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

வரட்டி தட்டுகிற வீட்டுக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். வெறும் சாணியில் தட்டிய வரட்டியை மடக்கினால் படக்கென்று இரண்டாகும். வைக்கோல் கலந்தது முறிந்தாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கும். பூச்சி கட்டிய மணலும் அப்படித்தான். கெட்டி வரும், கூடவே பொசுக்கென்று உடையும் குணமும் வரும். தாங்குகிற வரை தாங்கிவிட்டு முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். நார் சேர்த்தால் விரிசல் விட்ட பிறகும் நார் இரண்டு கரையையும் இழுத்துப் பிடிக்கும். அதோடு நாரின் மேலும் பூச்சி ஒட்டிக்கொண்டு அங்கேயும் கால்சைட்டைப் படியவைக்கும். நாரும் மணியும் சேர்ந்து சிக்கிக்கொள்வதால் உருவிக்கொண்டு வராது.

எங்கள் கூடத்தில் ஒரு எம்.இ. மாணவிக்காக இதைச் செய்தோம். அச்சு, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய், 10 சென்டிமீட்டர் உயரம், நெடுக்கப் பிளந்து கிளாம்ப் போட்டது. ஒன்றுக்கு 300 கிராம் மணல் பிடிக்கும். நார், 12 மில்லிமீட்டராக நறுக்கிய பாலிபுரோப்பிலீன்.

முதல் நாள் சொதப்பல் என் உபயம். பூச்சிக் குழம்பையும் யூரியா-கால்சியம் கரைசலையும் நேரம் மிச்சம் என்று ஒரே பக்கெட்டில் கலந்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் பக்கெட்டுக்குள் கோலமாவு கரைத்த மாதிரி வெள்ளை. ஊற்றியதும் குழாயின் வாய் அடைத்துக்கொண்டது. பிரித்தபோது மேலே ஓர் அங்குலம் கல் மூடி, அதற்குக் கீழே எல்லாம் சும்மா மணல், என் செருப்பின் மேலேயே கொட்டியது. அடுத்த தடவை பூச்சியை முதலில் விட்டு, மணி மேல் ஒட்டிக்கொள்ளச் சில மணி நேரம் கொடுத்து, அப்புறம் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சரியாக வந்தது. மாடியில் டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார், மண்ணுக்கு மூத்திரம் ஊத்திக்கினு கீறீங்களா?" என்றார். அதைவிடச் சுருக்கமாக இந்த முறையை விளக்க என்னால் ஆகாது.

நார் எவ்வளவு? மணல் எடையில் நூற்றுக்கு 0.2லிருந்து 0.4 போதும். 300 கிராமுக்கு 0.3 என்றால் ஒரு கிராம்கூட இல்லை, ஆனால் உள்ளங்கை நிறையப் பஞ்சு மாதிரி தெரியும். ஆசைப்பட்டு 1 பங்கு போட்டோம். நார் நாரோடு சேர்ந்து பூனை உருட்டிய நூல்கண்டு மாதிரி ஆங்காங்கே திரண்டுகொண்டது, அந்த இடத்தில்தான் முதலில் உடைந்தது. மணலை லேசாக ஈரப்படுத்திவிட்டுத்தான் நாரைக் கலக்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட லேசு, தண்ணீர் அதிகமானால் மிதந்து மேலே வந்துவிடும். அழுத்திப் பார்த்தபோது நாரில்லாத உருளை பிஸ்கோத்து மாதிரி பொடிந்தது. நார் போட்டது பக்கமெல்லாம் விரிசல் விட்டும் நின்றது. அந்தப் பெண் இயந்திரத்தை நிறுத்த மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் கயிற்று நாருக்கு வருகிறேன். போடலாம். சொரசொரப்பாக இருப்பதால் பிடிப்பு நன்றாகவே கிடைக்கும். மற்ற இயற்கை நார்களைவிட லிக்னின் என்ற மரத்தைக் கெட்டியாக்கும் பொருள் இதில் அதிகம், அதனால் அழுகுவதும் மெதுவாக. ஆனால் அழுகும். வீட்டுக்குக் கீழே போடுகிற சமாசாரம் இல்லை. வரப்பு, ஏரிக்கரைச் சரிவு மாதிரி, ஒன்றிரண்டு வருஷத்தில் புல் வேர் பிடித்து வேலையை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குச் சரி. முதலில் நன்றாக ஊறவைத்து அலசுங்கள், பழுப்புச் சாயம் இறங்கி முடியட்டும்.

நார் விஷயத்தில் எல்லாரும் வசதியாக மறந்துவிடுவது ஒன்று உண்டு. கரைசலைக் குழாய் வழியாக மண்ணுக்குள் செலுத்தலாம், நாரைச் செலுத்த முடியாது. மணலைத் தோண்டி வெளியே எடுத்து, கலந்து, திரும்ப நிரப்ப வேண்டும். இருக்கிற மண்ணைக் கலைக்காமல் இறுக்கலாம் என்பதுதான் இந்தப் பூச்சி வித்தையின் பெரிய லாபமே. நார் போட்ட நிமிஷம் அந்த லாபம் போயிற்று. தோண்டிய பிறகு "இதற்கு சிமென்டே கலந்துவிடலாமே" என்று மேஸ்திரி கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ராணிப்பேட்டை வாசகர்: அந்த பாக்டீரியா பிறகு நம் வீட்டுச் சுவரையே தின்றுவிடாதா?

தின்னாது. அதற்கு வேண்டியது யூரியா, உங்கள் சுவர் இல்லை. மனிதனுக்கு நோய் தரும் ரகமும் இல்லை.

சோளிங்கர் ஆசிரியை: எட்டாம் வகுப்புக்கு இதை எளிமையாகச் செய்து காட்ட வழி உண்டா? பாக்டீரியா வாங்க எங்களிடம் வசதி இல்லை.

பாக்டீரியாவே வேண்டாம் டீச்சர். யூரியேஸ் நொதி நம் சமையலறையிலேயே இருக்கிறது. 1926இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் என்பவர் நம் வாளவரை இனத்து விதையிலிருந்துதான் இந்த நொதியைப் படிகமாகப் பிரித்தார். உலகத்தில் முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி அது. நொதி என்பது ஒரு புரதம் என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1946இல் நோபல் பரிசு வந்தது.

உங்களுக்குச் சோயாபீன்ஸ் போதும். பச்சையாக மிக்சியில் பொடித்து இரண்டு ஸ்பூன். இன்னொரு பங்கு சோயாவைக் குக்கரில் நன்றாக வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் யூரியாவைக் கரையுங்கள், கெமிக்கல் கடையில் கிடைக்கும். கரைக்கும்போதே பிள்ளைகளை டம்ளரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில்லென்று இருக்கும். யூரியா கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒன்றில் பச்சைப் பொடி, மற்றதில் வெந்தது. மஞ்சள் கரைத்துத் தடவிக் காயவைத்த தாளை ஈரமாக்கி டம்ளரின் வாயில் மூடிவைத்துவிட்டுப் பாடத்தை நடத்துங்கள். பீரியட் முடியும்போது பச்சைப் பொடி டம்ளரின் தாள் சிவப்பேறத் தொடங்கியிருக்கும். தாமதமானால் அதே தாளைக் கரைசலில் தொட்டு எடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாகிறதே, அதே காரத்தின் வேலை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாமல் கையால் விசிறி மோந்தால் அமோனியா தெரியும். வெந்த சோயா டம்ளரில் ஒன்றும் நடக்காது, கொதியில் நொதி செத்துவிட்டது. கோழித் தீவனக்காரர்கள் சோயாப் புண்ணாக்கு சரியாக வெந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனையில்தான்.

மணலைக் கல்லாக்கும் அடுத்த படிக்கு ஆசைப்பட்டு அந்த டம்ளரில் கால்சியம் குளோரைடை ஊற்றிவிடாதீர்கள். சோயாப் புரதம் திரிந்து பன்னீர் மாதிரி கட்டிக்கொள்ளும், பிள்ளைகள் அதைக் கல் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்தான் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாறு விட வேண்டும், சுண்ணாம்புக்கல் நுரைக்கும்.

வாலாஜா வாசகி: எங்கள் நிலத்தை ஒட்டிய கால்வாய்க் கரை மணலாகச் சரிகிறது. ஒரு கான்ட்ராக்டர் வந்து, புது முறை, பாக்டீரியா போட்டுக் கட்டித் தருகிறேன், இயற்கை முறை, கெமிக்கலே இல்லை என்கிறார். கரையிலிருந்து எங்கள் கிணறு நாற்பதடி. சம்மதிக்கலாமா?

கெமிக்கலே இல்லை என்று சொன்னாரா? அப்படியென்றால் அவருக்கு இது என்னவென்றே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

அம்மா, யூரியாவையும் கால்சியம் குளோரைடையும் சேர்த்துக் கால்சைட்டை எடுத்துக்கொண்டால் தண்ணீரில் மிச்சம் நிற்பது அமோனியம் குளோரைடு. ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தூவுவாரே, அந்த நவச்சாரம். 100 கிலோ கால்சைட்டுக்கு 107 கிலோ நவச்சாரம், கட்டுகிற கல்லைவிடக் கழிவு அதிகம். ஆம்பூர்க்காரருக்குப் போட்ட கணக்கில் ஒரு கனமீட்டர் மணலுக்கு 86 கிலோ வரும். அதில் குளோரைடு மட்டும் 57 கிலோ. குடிநீரில் குளோரைடுக்கு ஏற்கத்தக்க எல்லை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்பே இல்லாத சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்த இந்த 57 கிலோ போதும், ஏறக்குறைய 2.27 லட்சம் லிட்டருக்கு. 12,000 லிட்டர் லாரியில் பத்தொன்பது நடை. ஒரே ஒரு கனமீட்டர் கரைக்கு இது. அமோனியாவுக்கு எல்லை இன்னும் இறுக்கம், அரை மில்லிகிராம். அது மண்ணில் மெல்ல நைட்ரேட்டாகவும் மாறும். அதற்கு எல்லை 45 மில்லிகிராம், மீறினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

வேறு ஊராக இருந்தால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். தோல் தொழிற்சாலைக் கழிவில் வந்த உப்பு நம் கிணறுகளை என்ன செய்தது என்று வாலாஜாவில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவனே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996இல் தீர்ப்பு வாங்கியது இந்த ஆற்றுத் தண்ணீருக்காகத்தான். ஏற்கெனவே உப்பைச் சுமந்த மண்ணில் இன்னொரு உப்பை இறக்க வருகிறவர் குறைந்தபட்சம் அதைத் திரும்ப எடுக்கும் வழியோடு வர வேண்டும். நான் மேலே சொன்ன நெதர்லாந்து எரிவாயுக் குழாய் வேலையில் அப்படித்தான் செய்தார்கள். கட்டி முடித்ததும் அமோனியம் கலந்த நிலத்தடி நீரை இறைத்து வெளியே எடுத்தார்கள். அந்தச் செலவு உங்கள் கான்ட்ராக்டரின் மதிப்பீட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இருக்காது. நாற்பதடியில் கிணறு இருக்கும்போது என் பதில், சம்மதிக்காதீர்கள். சரிவைச் சற்றுப் படுக்கையாக வெட்டி, தேங்காய் நார்ப் பாய் விரித்து வெட்டிவேர் நட்டால் பெரும்பாலான மணல் கரை நிற்கும். பேரணாம்பட்டுக்காரரின் முகவரியை வேண்டுமானால் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.

பொதுக் கால்வாய் என்று சொல்லி உங்களைக் கேட்காமலே ஆரம்பித்துவிடவும் கூடும். அதனால் இந்த வாரமே கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். அமோனியா, நைட்ரேட், குளோரைடு மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். தேதி போட்ட அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அந்த கான்ட்ராக்டர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.